மூன்று மாத விசா, பன்னிரண்டு மாதச் சேவை, இரண்டே முக்கால் லட்சம் கடன்

மயிலாடுதுறை மாவட்டத்திலிருந்து 23 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பி.எஸ்சி. முடித்தவர், ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற தொடக்க நிலைத் தேர்ச்சி பெற்றவர். ஜெர்மனியின் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில், ஒரு சிறு நகரத்து முதியோர் இல்லத்தில் 12 மாதத் தன்னார்வச் சேவைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே 'புண்டஸ்ஃப்ரைவில்லிகன்டீன்ஸ்ட்' என்றும், சுருக்கமாக பி.எஃப்.டி. என்றும் சொல்லப்படும் கூட்டரசின், அதாவது மத்திய அரசின், தன்னார்வச் சேவை அது. ஆகஸ்ட் 27 விமானம், செப்டம்பர் 1 பணித் தொடக்கம். கைச்செலவுக்கு மாதம் 420 யூரோ, தங்க இலவச அறை, வேலை நாட்களில் மதியச் சாப்பாடு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுத்த 2,75,000 ரூபாயை அப்பா நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறார்.

அவருடைய கவலைகள் இவை. விசாவில் 90 நாள்தான் போட்டிருக்கிறது, மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களா? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை, ஒப்பந்தத்தில் அப்பா பெயர் சேர்ந்திருக்கிறது, அது பிரச்சினை ஆகுமா? "போனதும் பாஸ்போர்ட்டை இல்லத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், சாயங்காலம் ஹோட்டலில் வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம், ஒரு வருடம் முடிந்தால் நிரந்தரமாக இருந்துவிடலாம்" என்று ஏஜெண்டு சொன்னது எந்த அளவுக்கு உண்மை? இடம் பிடிக்காவிட்டால் என்ன செய்வது?

அன்புள்ள வாசகிக்கு,

ஏஜெண்டு சொன்னவற்றில் பாஸ்போர்ட் விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. இல்லத்துக்கோ, உங்களைக் கவனித்துக்கொள்ளும் அமைப்புக்கோ, வீட்டு உரிமையாளருக்கோ அதை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. நகல் கேட்டால் கொடுங்கள். அரசு அலுவலகத்தில் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

90 நாள் விசா

நீங்கள் பயப்படுவது போல 90 நாள் என்பது சேவைக்கான காலம் இல்லை. அது ஜெர்மனிக்குள் நுழைந்து, அங்கே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கொடுத்த அவகாசம். நீண்ட தங்கலுக்கான தேசிய விசாவைப் பல நேரங்களில் தூதரகம் இப்படிக் குறைந்த காலத்துக்குத்தான் ஒட்டித் தரும். மீதி மாதங்களுக்கான அனுமதி அட்டையை நீங்கள் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகம் கொடுக்கும். அந்த அலுவலகத்தின் பெயர் 'அவுஸ்லெண்டர்பெஹோர்டே'. கட்டணம் 100 யூரோ வரை ஆகலாம். அதைக் கட்டுவது நீங்களா இல்லமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

எப்படியும் கிடைத்துவிடும் என்று கடைசி வாரம் வரை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பல ஊர்களில் அந்த அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே ஆறு, எட்டு வாரம் ஆகிறது. சட்டம் பார்ப்பது விசா முடிவதற்குள் நீங்கள் விண்ணப்பித்துவிட்டீர்களா என்பதைத்தான். முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கருதப்படும். அதற்குச் சான்றாக 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்று ஒரு தாள் தருவார்கள். ஆகவே செப்டம்பர் இரண்டாவது வாரத்திலேயே இணையம் வழியாகவோ மின்னஞ்சலிலோ விண்ணப்பத்தை அனுப்பி, அனுப்பிய தேதி தெரியும்படி நகல் வைத்துக்கொள்ளுங்கள். கையில் அட்டையோ அந்தத் தாளோ வராமல் ஜெர்மனியை விட்டு வெளியே போகாதீர்கள், தீபாவளிக்கு ஊர் வருவதாக இருந்தாலும் சரி.

ஒரு சின்ன விஷயம். 2025 மே முதல் இந்த அட்டைக்கான புகைப்படம் டிஜிட்டலாகத்தான் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஊரில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோகும் பாஸ்போர்ட் சைஸ் படம் அங்கே எடுபடாது. அலுவலகத்து இயந்திரத்திலோ அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவிலோ எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாத் தாளுக்கும் முன்னால் ஒரு தாள்

போய் இறங்கியதும் வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்றுதான் மனசு ஓடும். ஆனால் ஜெர்மனியில் ஒரு தாள் இருந்தால்தான் அடுத்த தாள் கிடைக்கும், அந்த வரிசையின் தொடக்கம் வீட்டில் இருக்கிறது. அறை கொடுப்பவர், அதாவது உங்கள் விஷயத்தில் இல்லமோ வீட்டு உரிமையாளரோ, "இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்" என்று கையெழுத்திட்டுத் தரும் சான்று அது. பெயர் நீளமானது, 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்'. வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது.

அந்தச் சான்று, பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் 'அன்மெல்டுங்'. இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைக்காவிட்டால், நேரம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். முயற்சியே எடுக்காமல் விட்டவர்களுக்குத்தான் அபராதம் வரும். பதிவு முடிந்ததும் ஒரு தாள் தருவார்கள். வெளிநாட்டவர் அலுவலகம் அதைக் கேட்கும், பெரும்பாலான வங்கிகளும் கேட்கும். 11 இலக்க வரி எண் சில வாரத்தில் தானாகவே தபாலில் வரும்.

தபால் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊரில் தபால்காரர் "இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று தெரிந்து கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அங்கே தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். உங்கள் பெயர் பெட்டியில் இல்லையென்றால் வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாமே திரும்பிப் போய்விடும். போய்ச் சேர்ந்த அன்றே பெட்டியில் பெயர் ஒட்டச் சொல்லுங்கள். தன்னார்வலர்களின் முதல் மாதச் சிக்கல்களில் பல இந்த ஒரு சீட்டு இல்லாததால் வருபவை.

பெயர் பற்றிய உங்கள் கவலையும் இதோடு சேர்ந்ததுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது தமிழ்நாட்டில் சாதாரணம். அதனால் நுழைவதில் தடை இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் அப்பா பெயர் சேர்ந்த இன்னொரு பெயர் என்று இருப்பதுதான் தொல்லை. காப்பீட்டு நிறுவனத்தில் ஒரு ஆள், நகராட்சியில் வேறொரு ஆள் என்று பதிவாகிவிடும். கைச்செலவுப் பணம் தாமதமாகும், அட்டை வராது. புறப்படும் முன்பே இல்லத்துக்கு எழுதி, பாஸ்போர்ட்டிலும் விசா ஒட்டுத்தாளிலும் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே ஒப்பந்தத்தைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். விமானச் சீட்டிலும் அதே பெயர்தானா என்று பாருங்கள்.

வங்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கி மறுத்தால் கவலைப்படாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் 'பாசிஸ்கோன்டோ' என்ற அடிப்படைக் கணக்கு தொடங்கும் உரிமை உண்டு. அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆகஸ்ட் 27 முதல் 31 வரை

மருத்துவக் காப்பீட்டில் இந்த ஐந்து நாள் ஒரு ஓட்டை. பி.எஃப்.டி. தன்னார்வலர்கள் அரசு முறைக் காப்பீட்டில் சேர்க்கப்படுகிறார்கள். மருத்துவம், ஓய்வூதியம், விபத்து என எல்லாவற்றுக்குமான தவணையில் உங்கள் பங்கையும் சேர்த்து இல்லமே கட்டும். உங்கள் 420 யூரோவிலிருந்து அதற்குப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் அது சேவை தொடங்கும் செப்டம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வரும். அதற்கு முந்தைய நாட்களுக்கு விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு செல்லுமா என்று அதில் இருக்கும் தேதிகளைப் பாருங்கள். அட்டை வரச் சில வாரம் ஆகும். அதுவரை காப்பீட்டு நிறுவனம் தரும் உறுப்பினர் சான்றைக் காட்டினால் டாக்டர் பார்ப்பார்.

ஒப்பந்தம், இல்லத்தின் முகவரி, பொறுப்பாளரின் போன் எண், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள், எல்லை அதிகாரி கேட்பார். தடுப்பூசிச் சான்றும் அதிலேயே இருக்கட்டும். மருத்துவமனை, பள்ளி, மழலையர் காப்பகம் ஆகியவற்றில் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்றை ஜெர்மன் சட்டமே கேட்கிறது, மற்ற இல்லங்களும் கேட்கக்கூடும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து போகும் ரயிலுக்கு 'ஷ்பார்பிரைஸ்' என்ற மலிவுச் சீட்டு குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் பணம் போச்சு. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலானாலும் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய சீட்டே நல்லது.

பெட்டி கட்டும் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு, இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டும், அதனால் அதையும் தவிருங்கள். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி, பெருங்காயம் போகலாம். அந்த மாநிலத்தில் 1980களிலிருந்து ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். டோர்ட்முண்ட், எசன் போன்ற நகரங்களில் தமிழ்க் கடைகள் உண்டு. ஹம் நகரத்தில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. அங்கே போனால் தமிழ் கேட்கலாம், அது பெரிய ஆறுதல். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசியும் காய்கறியும் வாங்கிவிட வேண்டும்.

கடனும் சாயங்கால வேலையும்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இந்தப் பகுதிதான். ஹோட்டல் வேலை என்று ஏஜெண்டு சொன்னதை மறந்துவிடுங்கள். உங்கள் தங்கும் அனுமதி இந்தச் சேவைக்காகக் கொடுக்கப்படுவது. வேறு வேலை பார்க்கலாமா கூடாதா என்பது அட்டையோடு வரும் இணைப்புத் தாளில் எழுதியிருக்கும். அதில் அனுமதி இல்லாமல், கையில் ரொக்கம் வாங்கிக்கொண்டு வேலை செய்தால் அனுமதியே பறிபோகலாம், அடுத்த விசாவும் சிக்கலாகும். அனுமதி இருந்தாலும் இல்லத்தின் சம்மதம் வேண்டும். வாரம் 38, 39 மணி நேரம் முதியவர்களோடு நின்றுவிட்டு வந்த உடம்புக்கு மேற்கொண்டு தெம்பும் இருக்காது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2,75,000க்கு மாத வட்டி மட்டும் 5,500. யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காலை, இரவுச் சாப்பாடும் விடுமுறை நாள் சாப்பாடும் சிக்கனமாகச் சமைத்தால் 150 யூரோ. போன், பஸ், குளிர்கால உடுப்பு, சோப்பு என்று இன்னொரு 80. திரும்பி வரும் விமானச் சீட்டுக்கு மாதம் 40 தனியே வைக்க வேண்டும், அதில் கை வைக்கக் கூடாது. மீதி 150. அதை அப்படியே ஊருக்கு அனுப்பினாலும் 12 மாதம் கழித்து அசலில் ஏறத்தாழ 1,47,600 ரூபாய் நிற்கும். இந்தச் சேவைப் பணத்தால் அந்தக் கடன் அடையாது. அடையும் என்று நம்பிப் போனால், ஒவ்வொரு மாதமும் அப்பாவின் குரலைக் கேட்கும்போது தவறான வேலையை ஒப்புக்கொள்ளத் தோன்றும், இல்லத்தில் நியாயமில்லாமல் நடத்தினாலும் வாயை மூடிக்கொள்ளத் தோன்றும். அதனால் விமானம் ஏறுமுன் அப்பாவோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கி இந்தத் தனியார் கடனை அடைத்துவிடலாம். ஆண்டுக்கு 24 சதவீதம் போகும் வட்டி பாதிக்கும் கீழே வந்துவிடும்.

ஏஜெண்டுக்குக் கொடுத்த தொகையைப் பற்றி: பி.எஃப்.டி.யில் சேர இப்படி ஒரு கட்டணத்தை ஜெர்மன் அரசு கேட்பதில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும், பதிவு பெற்ற முகவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது இந்திய விதி. தன்னார்வச் சேவை வேலை ஆகாது என்று சொல்லி அவர் நழுவப் பார்க்கலாம். ஆனாலும் வேலை என்று சொல்லித்தான் பணம் வாங்கினார் என்பதற்கு வாட்ஸ்ஆப் செய்தி, வங்கிப் பரிமாற்றம், ரசீது எதுவானாலும் நகலெடுத்து வையுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடமும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் அப்பா புகார் கொடுக்கலாம். பணம் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் சான்று கையில் இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

'ஒரு வருடம் முடிந்தால் நிரந்தரம்' என்பதும் தவறு. சேவை முடிந்ததும் அந்த அனுமதி முடிந்துவிடும். ஆனால் அங்கிருந்தபடியே மூன்றாண்டு செவிலியர் தொழிற்பயிற்சிக்கு மாறும் உண்மையான வழி ஒன்று இருக்கிறது. தொழிற்சங்கத்தோடு போட்ட ஊதிய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனங்களில் முதலாண்டிலேயே மாதம் 1,300 யூரோவுக்கு மேல் கிடைக்கும். அதற்கு மொழியில் ஏ2க்கு அடுத்த நிலையான பி1 ஆவது வேண்டும், பல பள்ளிகள் அதற்கும் மேலான பி2 கேட்கின்றன. உங்கள் பிளஸ் டூ சான்றிதழை அங்கே அங்கீகரித்து வாங்குவதற்கும் மாதங்கள் ஆகும். டிசம்பருக்குள் அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். கடன் அடைய வழி அங்கேதான் இருக்கிறது.

இல்லத்துக்குள்

பி.எஃப்.டி. 2011இல் வந்தது. கட்டாய ராணுவப் பணியும் அதற்கு மாற்றாக இருந்த சமூகப் பணியும் நிறுத்தப்பட்டபோது இதைத் தொடங்கினார்கள். தன்னார்வலர் கூடுதல் கைதான், ஊழியரின் இடத்தை நிரப்பக் கூடாது என்பது இதன் அடிப்படை விதி. சாப்பாடு பரிமாறுவது, நடக்கத் துணை போவது, செய்தித்தாள் வாசிப்பது, படுக்கை விரிப்பது, விளையாட்டு, வழிகாட்டியின் பார்வையில் உடல் துடைக்க உதவுவது எல்லாம் உங்கள் வேலை. மாத்திரை பிரித்துக் கொடுப்பதும், இன்சுலின் போடுவதும், இரவில் தனியாக ஒரு தளத்தைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை அல்ல. ஆள் குறைவாக இருக்கும் நாளில் அன்பாகவே கேட்பார்கள். "எனக்கு அனுமதி இல்லை" என்று சொல்லும் ஜெர்மன் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'தாஸ் டார்ஃப் இஷ் நிஷ்ட்.'

ஏ2 மொழியோடு போகும் உங்களுக்கு உண்மையான ஆபத்து தலையாட்டுவதில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பெரியவர் சொன்னால் புரியாவிட்டாலும் மரியாதைக்காக 'சரி சரி' என்பார்கள். முதியோர் இல்லத்தில் சிலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும், அவர்களுக்குத் தண்ணீரையே மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். "இவருக்கு வெறும் தண்ணீர் கொடுக்காதே" என்று சொன்னது உங்களுக்குப் புரியாமல் போய், தாகம் என்கிறாரே என்று இரக்கப்பட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால், அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். கேட்டதைத் திரும்பச் சொல்லிக் காட்டுங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அதேபோல யாராவது விழுந்துவிட்டால் தனியாகத் தூக்காதீர்கள். அழைப்பு மணியை அழுத்துங்கள், செவிலியர் வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நாம் பாசத்தில் 'பாட்டி', 'தாத்தா' என்று கூப்பிடுவோம். அங்கே உறவில்லாத முதியவரை 'ஓமா' என்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகப் படும். 'ஃப்ராவ்' அல்லது 'ஹெர்' சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும், 'சீ' என்றுதான் பேச வேண்டும். நம் 'நீங்கள்' போன்ற சொல் அது. அவரே மாற்றிக் கூப்பிடச் சொல்லும் வரை அப்படியே இருக்கட்டும்.

உடம்பு சரியில்லாத நாளில் வேலை தொடங்கும் முன்பே போன் செய்ய வேண்டும். மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவச் சான்று வேண்டும், சில இடங்களில் முதல் நாளே கேட்பார்கள். ஆறு வாரம் வரை கைச்செலவுப் பணம் நிற்காது. 12 மாதச் சேவையில் 25 நாள் பயிலரங்கு உண்டு, அவை பணி நாட்களாகவே கணக்காகும், விடுப்பில் கழிக்க முடியாது.

சரிப்படாவிட்டால்

முதல் ஆறு வாரம் சோதனைக் காலம். அதற்குள் இரு தரப்பும் இரண்டு வார அவகாசம் கொடுத்து விலகலாம். பிறகு நான்கு வாரம் ஆகும். ஆனால் கோபத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சேவை முடிந்தால் தங்கும் அனுமதியின் அடிப்படையே போய்விடும். முதலில் இல்லத்தில் உங்களுக்கென்று நியமித்த வழிகாட்டியிடம் பேசுங்கள். தீரவில்லை என்றால் 'ட்ரேகர்' எனப்படும் மேலமைப்பின் பொறுப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். அதற்கும் மேலே, இந்தச் சேவையை நிர்வகிக்கும் கூட்டரசு அலுவலகம் கொலோன் நகரத்தில் உண்டு. பி.எஃப்.டி. ஒப்பந்தம் உண்மையில் உங்களுக்கும் கூட்டரசுக்கும் இடையில்தான் போடப்பட்டிருக்கிறது, அதனால் அவர்களுக்கு எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. இடம் மாற வழி இருக்கிறது. புது ஒப்பந்தம் கையில் வந்து, வெளிநாட்டவர் அலுவலகமும் சம்மதித்த பிறகே பழைய இடத்தை விடுங்கள்.

பாலியல் தொல்லையோ மிரட்டலோ நடந்தால் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். ஆபத்து உடனடியாக இருந்தால் 110 காவல்துறை, 112 ஆம்புலன்ஸ். பெண்களுக்கு எதிரான வன்முறைக்கான 116016 எண் இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது, ஆங்கிலத்திலும் பேசலாம். அந்த மாநிலத்துக்கான இந்தியத் துணைத் தூதரகம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறது.

இந்த வாரமே இல்லத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு கேள்வி போதும்: 27ஆம் தேதி ரயில் நிலையத்துக்கு யார் வருவார், வராவிட்டால் சாவி எங்கே இருக்கும்? அறையில் குடிவந்ததற்கான சான்று அன்றே கிடைக்குமா? தபால் பெட்டியில் என் பெயர் இப்படித்தான் எழுதப்பட வேண்டும், ஒட்டித் தருவீர்களா? ஒப்பந்தத்தில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்தித் தருவீர்களா? பதிலை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.